சிறுமலைக்கு நான்கு தாள்

சிறுமலையை முழுசாக வரைபடத்தில் பார்க்க ஆசைப்பட்டால் நான்கு தாள் வாங்க வேண்டும். இந்திய நிலஅளவைத் துறையின் 1:50,000 இடவிளக்க வரைபடங்களில் அவற்றின் எண்கள் 58 எஃப்/15, 58 எஃப்/16, 58 ஜே/3, 58 ஜே/4. திண்டுக்கல்லில் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் தென்கிழக்கே ஒரே மலையாகத் தெரிவது, தாளில் நாலு துண்டாகிவிடுகிறது. எங்கள் பள்ளியின் புவியியல் அறைச் சுவரில் நான்கையும் வெள்ளை ஓரங்களை வெட்டிவிட்டுச் சேர்த்து ஒட்டி வைத்திருக்கிறேன். வெட்டிய ஓரங்களைத் தூக்கிப் போடவில்லை. அவற்றையும் கீழே வரிசையாக ஒட்டியிருக்கிறேன். பதினோராம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடம் அந்த ஓரத்தில்தான்.

வரைபடம் என்றதும் எல்லோரும் நடுவில்தான் விரலை வைக்கிறார்கள். தங்கள் ஊர் எங்கே, ஆறு எங்கே, ரோடு எங்கே என்று தேடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதெல்லாம் ஓரத்தில் எழுதியிருக்கிறது. அளவை, அளந்த வருடம், உயரக் கோடுகளின் இடைவெளி, வடக்கு எது, பக்கத்துத் தாளின் எண் என்ன, இப்படி. வரைந்தவர் எடுத்த முடிவுகளை அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இடம் அது.

முதலில் அந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். இந்தியாவையும் சுற்றுப்புறத்தையும் நான்கு பாகைக்கு நான்கு பாகை கட்டங்களாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். 58 என்பது கிழக்கே 76 முதல் 80 பாகை, வடக்கே 8 முதல் 12 பாகை. தமிழ்நாட்டின் தென்பாதியும் கேரளத்தின் பெரும்பகுதியும் அதில் அடக்கம். அந்தக் கட்டத்தை ஒரு பாகைக் கட்டங்களாக 16 பிரித்து ஆங்கில எழுத்துகள் கொடுத்தார்கள். வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழே இறங்கி, அப்புறம் வலப்பக்கத்து வரிசைக்குத் தாவ வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி 16 ஆகப் பிரித்தால் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம் உள்ள ஒரு தாள் வரும். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் எந்த ஊரின் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் சொன்னாலும் தாள் எண்ணைப் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். மதுரை 58 கே/1. சென்னை நகரின் ஒரு பகுதி 66 சி/4. எங்கள் வகுப்பில் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறேன். ஜெயிப்பவர்களுக்குக் கடலைமிட்டாய்.

சிறுமலைக்கு வருவோம். 78 பாகைத் தீர்க்கக்கோடு மலைமேல் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே போகிறது. 10 பாகை 15 நிமிட அட்சக்கோடு மலையின் வடபகுதியைக் குறுக்கே வெட்டுகிறது. இரண்டு கோடும் சந்திக்கும் முனை மலைக்குள்ளேயே விழுந்துவிட்டதால் நான்கு தாள். கட்டம் போட்டவர்கள் பாகையைப் பார்த்துப் போட்டார்கள், மலையைப் பார்த்துப் போடவில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. இன்றைக்கு ஜி.பி.எஸ். கருவிகளில் மீட்டர் கணக்கில் இடம் சொல்லும் யு.டி.எம். முறை உலகத்தை ஆறு ஆறு பாகைப் பட்டைகளாகப் பிரிக்கிறது. 72 முதல் 78 வரை 43-ஆம் பட்டை, 78 முதல் 84 வரை 44-ஆம் பட்டை. எல்லை மறுபடியும் அதே 78. சிறுமலையில் மேற்கிலிருந்து கிழக்கே நடந்து அந்தக் கோட்டைத் தாண்டினால் கருவியில் கிழக்குத் தூரம் ஏறத்தாழ 8 லட்சத்து 28 ஆயிரத்திலிருந்து சட்டென்று 1 லட்சத்து 71 ஆயிரத்துக்கு இறங்கும். காலடியில் அதே செம்மண், அதே வாழைத்தோட்டம். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கருவி கெட்டுப்போச்சா டீச்சர் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு பட்டையும் தன் நடுக்கோட்டுக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொண்டு தனியாக எண்ணத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

ஏன் இப்படிப் பட்டை பட்டையாகப் பிரிக்க வேண்டும்? பூமி உருண்டை, தாள் தட்டை. அதனால் எங்காவது இழுக்கவோ சுருக்கவோ செய்தே ஆக வேண்டும். சின்னச் சின்னப் பட்டையாக எடுத்தால் இழுவை குறையும். கோட்டுச்சட்டம் என்று பாடப்புத்தகத்தில் வரும் அத்தியாயத்தின் சாரம் இதுதான். எல்லோரும் சொல்லும் மெர்க்கேட்டர் கதையை நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். மெர்க்கேட்டர் என்பவர் 1569-இல் கப்பலோட்டிகளுக்காக வரைந்த கோட்டுச்சட்டம் அது, திசைக்கோணம் மாறாமல் இருக்கும், அதற்கு விலையாக வடக்கே போகப் போக நிலம் ஊதிப்போகும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடப் பதினான்கு மடங்கு பெரியது. கடலில் போகிறவருக்குப் பரப்பளவு எதற்கு? குற்றம் அதை வகுப்பறைச் சுவரில் மாட்டியவர்களுடையது.

எனக்கு அதைவிடப் பிடித்தது நம் தாள்களிலேயே உள்ள ஒரு சங்கதி. எங்கள் திண்டுக்கல் தாளை அளந்தால் உயரம் ஏறத்தாழ 55 செ.மீ., அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. சதுரம் மாதிரி இருக்கும். ஸ்ரீநகர் பக்கத்துத் தாளை எடுங்கள். அதே 15 நிமிடம், அதே 1:50,000. உயரம் 55 இருக்கும், அகலம் 46 செ.மீ. தான். தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குகின்றன என்று மனப்பாடம் செய்ததைவிட, இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது போதும்.

சரி, அளவை. ஓரத்தில் தடித்த எழுத்தில் இருப்பது. 1:50,000 என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இதைக் கரும்பலகையில் எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு மாணவியின் அப்பா ஒருநாள் பள்ளிக்கு வந்தவர் சுவரில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கவர்மெண்ட் போட்ட மேப் என்று தெரிந்ததும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"டீச்சர், நம்ம நெலம் இதுல எங்கங்க இருக்கு?"

"எவ்வளவுங்க இருக்கு உங்களுக்கு?"

"ஒன்னேகால் ஏக்கருங்க. கெணறும் இருக்கு."

ஒரு ஏக்கரைச் சதுரமாக வைத்தால் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். ஒன்றேகால் ஏக்கருக்கு 71 மீட்டர். இந்தத் தாளில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் முனையால் தொட்டுக் காட்டினேன், பென்சில் முனையே அவர் நிலத்தை மறைத்தது. அவர் மகள் அன்றைக்குத்தான் அளவை என்றால் என்ன என்று புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். இதே கணக்கில் ரோட்டைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு போட்டால் அது தரையில் 25 மீட்டர் அகலம். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு 7 மீட்டர்தான். ரோட்டை உண்மை அளவில் வரைந்தால் கண்ணுக்கே தெரியாது, அதனால் வேண்டுமென்றே பெரிதாக்குகிறார்கள். பக்கத்தில் தண்டவாளமும் வாய்க்காலும் ஓடினால் அவற்றைக் கொஞ்சம் தள்ளி வரைகிறார்கள். ஆகவே இடவிளக்க வரைபடத்தை வைத்துக்கொண்டு யாரும் வேலித் தகராறுக்குப் போகக் கூடாது.

வேலித் தகராறுக்கு வேறு படம் இருக்கிறது. எஃப்.எம்.பி. என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த புலப்படம். 1:1,000 அல்லது 1:2,000 அளவையில் ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு படம். 1:1,000-இல் ஒரு ஏக்கர் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் பக்கம் உள்ள சதுரமாகிவிடும், உட்பிரிவெல்லாம் தெளிவாக விழும். ஆனால் அதில் மேடு பள்ளம் கிடையாது. நிலம் சரிவா சமமா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று புலப்படத்திடம் கேட்டால் பதில் வராது. இடவிளக்கப் படத்திடம் இது யாருடைய நிலம் என்று கேட்டால் அதற்கும் பதில் வராது. ஒரே மண்ணைப் பற்றிய இரண்டு படம், இரண்டும் சர்க்கார் படம், கேட்கிற கேள்விதான் வேறு. ஒன்று வரி வாங்கப் பிறந்தது. மற்றது படை நடத்தவும் ரோடு போடவும் பிறந்தது.

புலப்படத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் அது இன்னும் சுவாரசியம். வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். சக்குபந்தி என்ற தலைப்பின் கீழ், இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள நிலம் என்று இருக்கும். சோழர் செப்பேடுகளில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று வருவதும் இதே வகை. படமே இல்லாத வரைபடம். ராஜராஜன் காலத்தில், 1001-ஐ ஒட்டி, நாட்டு நிலத்தை அளந்தார்கள். அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருப்பதைச் சில கோயில்களில் இன்றும் பார்க்கலாம். அளந்ததை எழுத்தில் பதிந்தார்கள். சொல்லால் எல்லை கட்டுவதில் ஒரே சிக்கல், ஓடை திசைமாறினாலோ பக்கத்து நிலம் கைமாறினாலோ எல்லையும் ஆட்டம் காணும். பிள்ளைகளுக்கு இதை ஒரு பயிற்சியாகக் கொடுப்பேன். உங்கள் வீட்டின் நான்கு எல்லையை எழுத்தில் மட்டும் எழுதி வாருங்கள், பக்கத்தில் உட்காருபவர் அதைப் படித்துப் படம் வரையட்டும். வருகிற படங்களைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. தெரு ஒன்று வீட்டுக்குள் புகுந்து போகும்.

புலப்படத்தில் நிலத்துக்குள்ளே மூலைக்கு மூலை கோடு போட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். சர்வேயர்கள் ஜி லைன் என்பார்கள். கோணல் மாணலான நிலத்தை முக்கோணங்களாக உடைத்துவிடுவதற்கு அது. நாற்கரத்தின் நான்கு பக்கத்தை மட்டும் சொன்னால் அதை எப்படியும் சாய்க்கலாம், மூன்று பக்கம் சொன்ன முக்கோணத்தை அசைக்க முடியாது. எல்லை வளைந்து போகும் இடத்தில் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று அளந்து குறிப்பார்கள். உங்கள் ஒன்றேகால் ஏக்கரில் நடப்பது இதுதான். இந்தியா முழுக்க நடந்ததும் இதேதான்.

1802 ஏப்ரல் 10. சென்னைப் பரங்கிமலைப் பக்கம், வெயில் காலத் தொடக்கத்தில், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல். 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் இழுத்துப் போடவில்லை. முக்காலிகளின்மேல் மரத்தொட்டிகளை வரிசையாக வைத்து அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானியும் வைத்தார்கள். வெயிலில் எஃகு நீளும், நீண்டால் கணக்கில் கழிக்க வேண்டும். இத்தனை பாடும் ஒரே ஒரு கோட்டுக்கு. ஏனென்றால் அதற்கப்புறம் நீளத்தைச் சங்கிலி போட்டு அளக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு முனைக் கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டே எடுக்கலாம், பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. மலையிலிருந்து மலைக்குப் பார்வை போனால் போதும், நடுவில் காடும் ஆறும் இருந்தாலும் கவலையில்லை. நடுநடுவே தொலைதூரத்தில் இன்னொரு கோட்டை மறுபடி சங்கிலியால் அளந்து, கணக்கில் வந்ததோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்தார்கள்.

கோணம் அளந்த தியோடலைட் அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், அப்புறம் இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பெரிய கண்டம் தஞ்சாவூரில் காத்திருந்தது. தஞ்சைச் சமவெளியில் குன்று கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஏறி நின்று பார்க்கக் கிடைத்தவை கோயில் கோபுரங்கள்தான். 1808-இல் பெரிய கோயிலின் மேலே தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதை இம்மி இம்மியாகத் தட்டிச் சரிசெய்தார். நிலத்தை அளந்து எழுதச் சொன்ன அதே ராஜராஜன் கட்டிய கோயில் என்பது லாம்டனுக்குத் தெரிந்திருக்காது. 1823-இல் அவர் இறந்தது ஹிங்கன்காட்டில், இன்றைய மகாராஷ்டிரத்தில், வேலையின் நடுவில். அவருக்கடுத்து வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்கு வைத்தது அவர் பெயரைத்தான். குமரி முனையிலிருந்து இமய அடிவாரம்வரை இவர்கள் கட்டிய முக்கோண மாலை 78 பாகைத் தீர்க்கக்கோட்டை ஒட்டியே போகிறது. சிறுமலையை வெட்டும் அதே கோடு.

இவர்களுடைய பெயர் மட்டும் நிற்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். சங்கிலி பிடித்தவர்கள், மரம் வெட்டியவர்கள், மலைமேல் கொடி பிடித்து நின்றவர்கள், காய்ச்சலில் போனவர்கள் நிறையப் பேர். 1794-இலேயே சென்னையில் சர்வே பள்ளி தொடங்கியாயிற்று, பிற்பாடு கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். எங்கள் பக்கத்துப் பழனி மலைமேல் 1821-இல் அளக்க ஏறிய லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தின் வழியாகத்தான் கொடைக்கானலுக்குப் போனார். வழி காட்டியவர்கள் வெள்ளகவிக்காரர்களாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

இது கிடைமட்டக் கதை. உயரம் வேறு கதை. ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று இருக்குமே, எந்தக் கடல்? அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு துறைமுகம் மாதிரி இன்னொன்று இல்லை. ஆகவே வருடக்கணக்கில் ஏற்றவற்றத்தைப் பதிந்து சராசரி எடுத்தார்கள். 1909-இல் முடிவான கணக்குக்கு ஒன்பது துறைமுகங்கள். அதில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. கராச்சியும் உண்டு. அங்கிருந்து படிப்படியாக மட்டம் பிடித்துக்கொண்டே உள்நாட்டுக்கு வந்து கல்லில் குறி வெட்டினார்கள். பழைய பாலத்திலோ சர்க்கார் கட்டடத்தின் அடியிலோ அம்புக்குறியோடு பி.எம். (பெஞ்ச் மார்க்) என்று வெட்டியிருந்தால் அது அந்தக் கல். வரைபடத்திலும் அதே பி.எம். இருக்கும்.

உயரம் தெரிந்த புள்ளிகள் கிடைத்தபின் ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால் சம உயரக் கோடு. இந்த யோசனையைப் பெரிதாகக் கையாண்ட ஒருவர் சார்லஸ் ஹட்டன் என்ற கணக்காசிரியர். 1774-இல் ஸ்காட்லாந்தில் ஷீகாலியன் என்ற மலையை வைத்துப் பூமியின் எடையைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். அதற்கு மலையின் பருமன் தெரிய வேண்டும். கையில் நூற்றுக்கணக்கான உயர எண்கள் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சமமான எண்ணுக்குச் சமமான எண் என்று கோட்டால் சேர்த்தார், மலை தாளில் எழும்பி வந்துவிட்டது.

நம் தாளில் இந்தக் கோடுகள் பழுப்பு நிறம், 20 மீட்டர் இடைவெளி, 100 மீட்டருக்கு ஒரு தடித்த கோடு. 300 மீட்டரிலிருந்து 900 மீட்டர் ஏறுவதற்குள் 30 கோடு. அந்த 30 கோடும் தாளில் மூன்று சென்டிமீட்டருக்குள் நெருக்கியடித்து நின்றால் ஒன்றரைக் கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம் என்று அர்த்தம். பஸ் நேராக ஏறாது. சிறுமலை ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவு ஏன் என்று கேட்டால், ரோடு கோடுகளை நேராக வெட்டாமல் அவற்றோடு சேர்ந்தே கொஞ்ச தூரம் ஓடி, ஒரு கோடு ஏறித் திரும்பி, மறுபடி ஓடுகிறது. தாளில் விரலை வைத்து அதைத் தொடர்ந்து போனால் வயிற்றைப் புரட்டும் இடம்கூடத் தெரியும். கோடுகள் V வடிவில் மடங்கினால் முனை எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேட்டைப் பார்த்தால் அது ஓடை, பள்ளத்தைப் பார்த்தால் மலைமுதுகு. பரீட்சையில் அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான், ஆனால் மலையடிவாரத்து ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. ஆடு ஓட்டிப் போன பாதை அவர்களுக்குக் கண்ணில் இருக்கிறது.

சமவெளிப் பிள்ளைகளுக்கு என்று ஒரு குறியீடு வைத்திருக்கிறேன். ஏரிக்கரை ஓரமாக 3ஆர், 6ஆர் என்று சின்னதாக ஓர் எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். கடல்மட்ட உயரம் இல்லை அது. பக்கத்துத் தரையிலிருந்து கரை எத்தனை மீட்டர் உயர்ந்திருக்கிறது என்ற கணக்கு. 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளுக்கு நடுவில் நம் ஊர் ஏரிக்கரை தொலைந்தே போகும். ஆறு மீட்டர் கரைக்கு எந்தக் கோடும் வராது. ஆனால் மழைக்காலத்தில் அந்த ஆறு மீட்டர்தான் ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்பது. அதனால் தனியாக எழுதி வைத்தார்கள். அந்தச் சின்ன எழுத்தைக் கண்டுபிடித்த ஒரு பையன் தாள் முழுக்கத் தேடி எல்லா ஏரிக்கும் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தான். இப்போது அந்த ஏரிகளில் எது இருக்கிறது, எதில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினான். அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுமில்லை.

அதற்குத்தான் அளந்த வருடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஓரத்தில் எந்தெந்த வருடம் அளந்தது, எந்த வருடம் அச்சிட்டது என்று இரண்டும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வருடங்கள் ஓடியிருக்கலாம். கறுப்பில் வரைந்த ஓடை வறண்டது, நீலத்தில் உள்ளது தண்ணீர் நிற்பது. அதுவும் அந்த வருடத்துச் சேதிதான். போன் மேப் இதைச் சொல்வதில்லை என்பதுதான் அதன்மேல் எனக்குள்ள ஒரே மனக்குறை. வழி காட்டுவதில் அதை அடிக்க ஆளில்லை, நானும் அதைப் பார்த்துத்தான் போகிறேன். ஆனால் விரலால் இழுக்க இழுக்க அளவை மாறிக்கொண்டே இருக்கும், எந்தத் தேதிச் செயற்கைக்கோள் படம், எந்த ரோடு யார் சொல்லிச் சேர்ந்தது, ஒன்றும் கேட்க முடியாது. ஓரமே இல்லாத படம் அது.

பழைய தாளையும் போனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய தாளில் உள்ள அட்சதீர்க்கத்தை அப்படியே போனில் போட்டால் நூறு இருநூறு மீட்டர் தள்ளி நிற்பீர்கள். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. பழைய தாள்கள் 1830-இல் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவத்தின்மேல் வரைந்தவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது வேறு வடிவம். சக்குபந்தி மாதிரிதான், எதற்குக் கிழக்கு என்று சொல்லாமல் கிழக்கு என்றால் எப்படி?

பெரிய கருவி எதுவும் இல்லாமல் வரைபடம் போட முடியுமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நயின் சிங் ராவத்தின் கதையைச் சொல்வேன். குமாவூன் மலைக்கிராமத்துப் பள்ளி ஆசிரியர். வெள்ளைக்காரர் நுழைய முடியாத திபெத்துக்கு வியாபாரி, யாத்திரிகர் வேடத்தில் போய் 1866-இல் லாசாவை அடைந்தார். காலடியை ஒரே நீளத்தில் வைக்கப் பழகியிருந்தார். 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணி, நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். குறிப்புகள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள். தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்த்து உயரம் கணித்தார், மேலே போகப் போகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்குமே. இதைக் கேட்டதும் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுவார்கள். 50 மீட்டர் டேப்பை விரித்து, தன் நடையில் எத்தனை காலடி என்று ஒவ்வொருவரும் முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும். அப்புறம் பாக்கெட்டில் கூழாங்கல், நூறு காலடிக்கு ஒன்று கைமாற்ற வேண்டும். கையில் பத்து ரூபாய்த் திசைகாட்டி. நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு பாகைதான், இந்த வேலைக்கு அதை மறந்துவிடலாம். பள்ளியைச் சுற்றி வந்து வரைந்தால் தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து மூட வேண்டும். ஒருபோதும் மூடாது. எவ்வளவு விலகுகிறதோ அதை எல்லாப் பக்கங்களுக்கும் பங்கு போட்டுச் சரிசெய்யக் கற்றுக்கொடுப்பேன். சர்வேயர்களும் அதைத்தான் செய்கிறார்கள், பிழை சின்னதாக இருக்கும், அவ்வளவே.

தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: முன்பு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, எல்லையோர, கடலோரத் தாள்கள் பொதுவில் கிடைக்காது. 2021 பிப்ரவரியில் விதிகள் நிறையத் தளர்ந்தன. இப்போது நிலஅளவைத் துறையின் இணையதளத்திலேயே பதிவுசெய்து 1:50,000 தாள்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புதிய வரிசையின் எண்முறை வேறு, அதை அந்தத் தளத்தில் உள்ள கட்டப்படத்தில் ஊரைத் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். சர்வே எண் தெரிந்தால் புலப்படமும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கிறது.

அச்சுப் போடும்போது மட்டும் கவனம். கடைக்காரர் பழக்கத்தில் தாளுக்குள் அடங்குமாறு சுருக்கிவிடுவார். சுருங்கிய படத்திலும் 1:50,000 என்றே அச்சாகியிருக்கும், அது அப்போது பொய். கீழே பட்டையாக வரைந்திருக்கும் கோட்டளவை மட்டும் படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் அது உண்மையாகவே இருக்கும். கடையை விட்டு வெளியே வருமுன் ஸ்கேலை அதன்மேல் வையுங்கள். ஒரு கிலோமீட்டர் சரியாக இரண்டு சென்டிமீட்டர் இல்லையென்றால், நூறு சதவீத அளவில் மறுபடி போட்டுக் கொடுங்கள் அண்ணே என்று கேளுங்கள். பெரிய தாள் இல்லை என்பார். ஏ4 தாளில் துண்டு துண்டாகப் போட்டு வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.